பழைய போட்டோ இருக்கா?

மதுரையில் புதிதாக ஒருவரைப் பார்க்கப் போனால் எதையாவது குடிக்காமல் திரும்ப முடியாது. விளக்குத்தூண் பக்கம் என்றால் ஜிகர்தண்டா, பொழுது சாய்ந்துவிட்டால் பருத்திப்பால், எதுவும் தோன்றாவிட்டால் இருக்கவே இருக்கிறது டீ. வேண்டாம் என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு முகம் சுருங்கிவிடும். இப்படிப்பட்ட ஊரில் எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் கணக்கு. காலை காபி, சோற்றில் ஊற்றும் ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், டயாலிசிஸ் மிஷின் அந்த வேலையைப் பார்க்கிறது. அதோடு, நான் கே, அதாவது தன்பாலீர்ப்புள்ளவன். ஆனையூரில் அம்மாவோடு குடியிருக்கிறேன். வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

இந்த நிலைமையில் உனக்கு எதுக்குடா டேட்டிங் என்று நெருங்கிய நண்பன் ஒருவனே கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நோயாளிக்குப் பசி இருக்கலாம், தூக்கம் இருக்கலாம், ஆசை மட்டும் இருக்கக்கூடாது என்று ஊரில் ஒரு நினைப்பு. கல்யாணமானவருக்கு கிட்னி போனால் "பாவம், பொண்டாட்டி பாத்துக்கிறா" என்கிறார்கள். என்னைப் போன்றவனுக்குப் போனால், நல்லவேளை, இனி அந்த யோசனையெல்லாம் வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வருகிறது. மிஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரத்தில் வேறு என்ன செய்ய? ஃபிஸ்டுலா இருக்கும் இடது கையை ஆட்டக்கூடாது, வலது கையில் போன். ஆண்கள் ஆண்களைத் தேடும் க்ரைண்டர் ஆப்பைத் திறந்தால் கூடல் நகர் தாண்டி யாரோ ஒரு தலையில்லாத உடம்பு, 900 மீட்டரில் ஒரு சூரிய அஸ்தமனம், இரண்டு கிலோமீட்டரில் அஜித் படம் போட்ட ஒருவர்.

அங்கே கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். முதலில் "ப்ளேஸ் இருக்கா?" இரண்டாவது, டாப்பா பாட்டமா. மூன்றாவது போட்டோ. சொந்த வீட்டில் தனி அறை இல்லாத ஊர் இது, அதனால் முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். மூன்றாவதில் நான் மாட்டிக்கொள்வேன்.

ஃபிஸ்டுலாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையில் ஒரு தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சை செய்து இணைத்துவிடுவார்கள். தமனியின் வேகத்தில் இரத்தம் பாய்ந்து பாய்ந்து சிரை தடித்துப் பருத்துவிடும். அப்போதுதான் தடித்த ஊசிகளை வாரந்தோறும் குத்தி, நிமிடத்துக்கு 300 மில்லி போல இரத்தத்தை எடுத்துத் திருப்பி அனுப்ப முடியும். வருடங்கள் போகப்போக முழங்கைக்குக் கீழே கயிறு முறுக்கி வைத்த மாதிரி மேடு மேடாக வந்துவிடுகிறது. அந்தக் கையில் பிபி பார்க்கக்கூடாது, ஊசி போடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக்கூடாது. ஒருவரைக் கட்டிப்பிடித்துத் தூங்க நினைத்தால், எந்தப் பக்கம் யார் படுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

முழுக்கை சட்டையில் எடுத்த போட்டோவை அனுப்பிப் பார்த்தேன். நேரில் பார்க்கையில் கையைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். பிறகு முதலிலேயே சொல்லிப் பார்த்தேன். "ஹாய்" சொன்ன அடுத்த வரியிலேயே டயாலிசிஸ் என்று எழுதினால் என்ன ஆகும்? "டேக் கேர் ப்ரோ" வரும். அவ்வளவு அன்பான வழியனுப்பு வேறெங்கும் கிடைக்காது. இன்னொருவர், "தொத்துமா?" என்று கேட்டார். தொத்தாது என்றேன். "வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரின்னா, நெசமாவே அதுதானா, இல்ல வேற ஏதாவதா?" என்றார். அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் போகிறவர்களுக்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி பரிசோதனைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் செய்துகொண்டே இருப்பார்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு மிஷினே தனி. எங்களுக்கு அந்தத் தடுப்பூசியையும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அளவில் போடுவார்கள். ஆகவே அந்த ஆப்பில் மதுரை வட்டாரத்தில் என்னைவிட அதிகமாகச் சோதிக்கப்பட்ட ஆள் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் என்னிடம்தான் ரிப்போர்ட் கேட்டார்கள். எச்ஐவி உள்ளவர் முறையாக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால் உடலுறவு வழியே அது இன்னொருவருக்குப் பரவாது என்பது பல வருடமாக நிரூபணமான சங்கதி. அதுவும் அந்த ஆளுக்குத் தெரியாது. தெரியாததற்கெல்லாம் சேர்த்து ஒரே பயம்.

நான் துணிச்சலாக ஆள் தேடி அலைந்தேன் என்று கதை விட மாட்டேன். வெட்கமும் பயமும் இருந்தன, உடம்பைப் பற்றியவைதான். யூரியா ஏறினால் வாயில் ஒரு நாற்றம் வரும். மூத்திர வாடை மாதிரி என்று பச்சையாகவே சொல்லலாம். முத்தமிடப் போகும் நேரத்தில் அது ஞாபகத்துக்கு வந்தால் முகம் தானாகவே திரும்பிவிடும். பாஸ்பரஸ் கூடினால் அரிப்பு. தோல் காய்ந்து கறுத்துப்போகும். இரத்தசோகைக்கு ஊசி. படுக்கை விஷயத்திலும் பாதி நாள் உடம்பு ஒத்துழைக்காது. டயாலிசிஸ் செய்யும் ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விறைப்புச் சிக்கல் உண்டு. டயாலிசிஸ் வார்டில் இத்தனை ஆண்கள் படுத்திருக்கிறோம், பொட்டாசியம் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம், இதைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசியதில்லை. நானே ஒருநாள் டாக்டரிடம் கேட்டேன். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்று சிரித்தார். அடுத்த முறை வேறு டாக்டர். அவரிடம், எனக்குத் துணை ஆண்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைக்காமல், பிபி எவ்வளவு, இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை ஏதாவது போகிறதா, இரத்தசோகை அளவு என்ன என்று கேட்டார். மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கலாம், பிபி இறங்கும் என்பதால் டயாலிசிஸ் அன்றைக்கு வேண்டாம் என்றார். அவ்வளவுதான் பேச்சு. சளிக்கு மருந்து எழுதுகிற முகத்தோடு எழுதித் தந்தார். அந்த முகம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

"உன்னை நீயே நேசி" என்று எழுதுகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவில் கால் குரக்குப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருக்கையில் எந்த உடம்பை நேசிப்பது? எனக்கு நடந்தது வேறு மாதிரி. முழுக்கை சட்டையின் பட்டன் ஃபிஸ்டுலாவை அழுத்துகிறது, இரத்தம் உறைந்துவிடும், போடாதே என்று டெக்னீஷியன் தம்பி திட்டினான். "அண்ணே, அழகு முக்கியமா உசுரு முக்கியமா?" வேறு வழியில்லாமல் அரைக்கை சட்டைக்கு வந்தேன். பஸ்ஸில், கடையில், தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். கேட்டார்கள், சொன்னேன். கொஞ்ச நாளில் ஆனையூரில் பாதிப் பேருக்கு என் கிரியாட்டினின் அளவே மனப்பாடம். ஒரு விஷயம் வெளியே தெரிந்தும் வானம் இடியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொன்றைப் பற்றியும் யோசிக்க ஆரம்பித்தேன்.

அவனைப் பார்த்தது அரைக்கை சட்டைக் காலத்தில். சிம்மக்கல் பக்கம் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை, என்னைவிட இரண்டு வயது மூத்தவன். முதல் சந்திப்பு வழக்கம்போல ஜிகர்தண்டா கடை வாசலில். எனக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்றான். பால், அதிலும் சுண்டக் காய்ச்சிய பால், அதன் மேல் ஐஸ்க்ரீம். பாஸ்பரஸ் அவ்வளவும் எலும்பைத் தின்னும், அளவும் என் கணக்கைக் காலி பண்ணிவிடும் என்று ஒரு பிரசங்கமே பண்ணினேன். பாவம், இளநீர் வாங்கித் தரவா என்றான். இளநீரில் பொட்டாசியம், எனக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய சாமான். வாழைப்பழம்? அதுவும் அதே. அவன் யோசித்துவிட்டு, "அப்ப நீ என்னதான் மாப்ள திம்ப?" என்றான். கோபமே வரவில்லை எனக்கு. முதல் சந்திப்பில் என் நோயைப் பற்றி இரக்கப்படாமல் எரிச்சல்பட்ட முதல் ஆள் அவன்.

(மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வதில் எங்களுக்கு ஒரு வசதி. மதுரையில் எந்த இரண்டு ஆம்பளையும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.)

கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று பிறகொரு நாள் கேட்டான். ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்தால் உள்ளே அதிர்வு தெரியும். தினமும் காலையில் அது இருக்கிறதா என்று நாங்களே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். நின்றுவிட்டால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவன் தொட்டுவிட்டு, "பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு" என்றான். இப்போது காலையில் போன் பண்ணினால் அவன் கேட்கும் முதல் கேள்வி, "மிக்ஸி ஓடுதா?"

சித்திரைத் திருவிழாவை நினைத்தால்தான் எனக்கு வருடா வருடம் பயம். வெயில் மண்டையைப் பிளக்கும். மூன்றுமாவடி எங்களுக்குப் பக்கம், அழகருக்கு எதிர்சேவை அங்கேதான். அங்கிருந்து தல்லாகுளம் வரைக்கும் நடந்தால், அடிக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு அண்டா. நீர்மோர், பானகம், ரஸ்னா. வாங்காமல் போகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சுகிறவர்கள் ஒரு பக்கம். ஊர் முழுக்கத் தண்ணீரில் மிதக்கிறது, நான் நாக்கை ஒட்டிக்கொண்டு நடக்கிறேன். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இரண்டரை கிலோ தண்ணீர் ஏறினாலே அடுத்த முறை மிஷின் அதை இழுக்கையில் பிபி விழும், கால் முறுக்கும். இன்னும் ஏறினால் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். அவனோடு போன முதல் திருவிழாவில் என் பங்கு மோரையும் சேர்த்து அவனே வாங்கிக் குடித்தான், கொடுத்தவர் மனம் நோகக்கூடாதே என்று. ஒரு சின்ன பிளாஸ்கில் ஐஸ்கட்டி கொண்டுவந்திருந்தான். ஒரு கட்டியை வாயில் அடக்கினால் கால் மணி நேரம் தாகம் தாங்கும், வயிற்றுக்குள் போவதோ இரண்டு மடக்குக்கும் குறைவு. இந்த வித்தையை எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தான். நான் சொல்லவில்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கிட்னி போனதில் எனக்கு ஒரு நன்மை நடந்தது. இதைச் சொல்ல ரொம்ப நாள் கூசினேன். ஜாதகக் கட்டு பீரோவுக்குள் போய்விட்டது. அதற்கு முன் இரண்டு வருடமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் ஒரு நொட்டை சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் டயாலிசிஸ் என்றதும் அம்மா அழுதாள். நானும் அழுதேன். ஆனால் எனக்குள் ஒரு மூலையில் "அப்பாடா" என்று ஒரு சத்தம் கேட்டது. உயிரே போகிற நோய் வந்துதான் கல்யாணத்திலிருந்து தப்பிக்க வேண்டும் என்றால் நான் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிம்மதி நிலைக்கவில்லை. திருமங்கலத்திலிருந்து தரகர் ஒருவர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போன பெண், வசதி இல்லை, "அனுசரிச்சுப் போவா." அம்மாவுக்கு முகத்தில் வெளிச்சம். "எனக்கப்புறம் உன்னையப் பாத்துக்க ஒரு ஆளு வேணாமாடா?"

"அந்தப் பிள்ளையக் கல்யாணத்துக்குக் கேக்குறியா, நர்ஸ் வேலைக்குக் கேக்குறியாம்மா?"

அம்மாவுக்குக் கோபம். எனக்கும் கோபம். அந்தச் சண்டையில்தான் சொன்னேன், திட்டம் போட்டுச் சொல்லவில்லை. எனக்குப் பெண்கள் மேல் அந்த மாதிரி எண்ணமே வந்ததில்லை, ஆண்கள் மேல்தான் என்று. அவள் கேட்ட முதல் கேள்வியை நான் எந்த ஜென்மத்திலும் எதிர்பார்த்திருக்க மாட்டேன்.

"இது அந்த மிஷின்ல போட ஆரம்பிச்சப்புறம் வந்ததா?"

"இல்லம்மா. பத்தாப்பு படிக்கையிலேயே இருந்துச்சு."

"அப்ப கிட்னி வச்சாலும் சரியாகாதா?"

"சரியாக இது என்ன நோயா?"

"நோய்னாலாவது காப்பீட்டு அட்டை இருக்கு" என்றாள். வேண்டுமென்றே சொன்னாளா, வாயில் வந்துவிட்டதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் என் டயாலிசிஸ் ஓடுகிறது. அம்மாவுக்கு அந்த அட்டைதான் குலதெய்வம். சில வாரம் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். பிறகொரு நாள், அவன் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டுக் கிளம்புகையில், "அந்தத் தம்பிக்குக் காரம் ஆகுமா?" என்று கேட்டாள். அவனுக்குக் குழம்பு வைக்கிறாள் என்றால், பேச்சு முடிந்தது என்று அர்த்தம். என் சாப்பாட்டுக்குக் காய்களை நறுக்கி, ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேக வைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிப் பொட்டாசியத்தை இறக்குவாள். அவனுக்குத் தனியாக ருசியுள்ள குழம்பு. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மதுரை தன்பாலீர்ப்பு விஷயத்துக்குப் புதிய ஊர் இல்லை. 2012-இல் சிருஷ்டி மதுரை என்ற அமைப்பு இங்கே பாலினச் சிறுபான்மையினர் பேரணி நடத்தியது. கோபி ஷங்கர் தொடங்கிய அமைப்பு. நான் அப்போது கல்லூரியில். பேப்பரில் படம் பார்த்துவிட்டு யாரும் பார்ப்பதற்குள் மடித்து வைத்தேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-இல் கொடுத்த உத்தரவும் மதுரையிலிருந்து ஓடிய இரண்டு பெண்களின் வழக்கில்தான். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. தனக்கே இதில் தெளிவில்லை என்று நீதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவை எழுதினார். தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் "மாற்றுகிறேன்" என்று கிளம்புகிறவர்களைத் தடுக்கச் சொன்ன உத்தரவும் அதுதான். எனக்கு மாத்திரை எழுதித் தந்த டாக்டரின் முகத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது கல்யாணமோ பேரணியோ இல்லை. நாற்காலி. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே கூட வந்தவர்கள் உட்காரும் வரிசை. அங்கே மனைவிகள், மகன்கள், தங்கச்சிகள். "நீங்க யாரு?" என்று கேட்டால் அவன் "ஃப்ரெண்டு" என்பான். பிபி விழுந்து நான் மயங்கின ஒரு நாள், "சொந்தக்காரங்க யாராச்சும் வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் எழுந்தவன் அப்படியே நின்றிருக்கிறான், போகலாமா கூடாதா என்று தெரியாமல். அதை அவன் சொன்னபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்றபோது நான் தருகிறேன் என்று கை நீட்டினான். அது வேண்டியிருக்கவில்லை. மாற்றுச் சிறுநீரகம் எதிர்பார்ப்பவர்களுக்கு முடிந்தவரை இரத்தம் ஏற்றாமல்தான் பார்ப்பார்கள். ஆனால் வேண்டியிருந்தாலும் அவனால் கொடுத்திருக்க முடியாது. 2017-இல் வந்த இரத்ததானத் தேர்வு விதிமுறைகள் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களை எச்ஐவி அபாயப் பட்டியலில் வைத்து, நிரந்தரமாக ஒதுக்கிவிட்டன. ஒரே ஆளோடு இருக்கிறானா, ரிப்போர்ட் சுத்தமா என்றெல்லாம் அதில் கேள்வியே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இரத்தம் தர முடியாதவன் சிறுநீரகம் தரலாம். அவனே ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தான். அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் ஆகாது. அக்கா தருகிறேன் என்றாள். கல்யாணமானவர் தருவதென்றால் ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் சம்மதத்தையும் கேட்பார்கள், மாமா தயங்கினார். மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவர் தயங்கத்தானே செய்வார். அப்போதுதான் இவன், "நான் தர்றேன் மாப்ள, என்ன பண்ணணும்னு பாரு" என்றான். கணக்கு எழுதுகிறவன் நான், சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது. அது வந்ததற்குக் காரணமே சிறுநீரக வியாபாரம்தான். வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பெயர் வைக்கிற அளவுக்கு அது நடந்த மாநிலம் இது. 2025-இல்கூடப் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கதை வெளியே வந்தது. ஆகவே சட்டம் கண்டிப்பாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை, ஏழையின் கிட்னியைக் காப்பாற்றுகிற கண்டிப்பு அது. நெருங்கிய உறவினர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டதால், அவன் இந்தப் பட்டியலில் எந்த வரியிலும் வர மாட்டான். பட்டியலுக்கு வெளியே இருப்பவர், அன்பு, பற்று காரணமாகத் தருகிறேன் என்று அங்கீகாரக் குழுவின் முன் நிற்கலாம். குழு பணம் கைமாறியதா என்று பார்க்கும். 2014 விதிகளில், இருவருக்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டும், ஒன்றாக வாழ்ந்ததற்கான அத்தாட்சி மாதிரி ஆவணங்கள் வேண்டும் என்று இருக்கிறது. அதோடு, இருவரும் சேர்ந்து இருக்கும் பழைய போட்டோக்கள்.

படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பழைய போட்டோ! அந்த ஆப்பில் முகத்தைக் காட்டுவதற்கே அவனவன் பயந்து சாகிறான். நாங்கள் சேர்ந்து எடுத்தவற்றை அன்றன்றைக்கே அழித்துவிடுவோம், வாட்ஸ்அப் பேச்சையும்தான். போன் யார் கையிலாவது சிக்கினால்? போலி கணக்கில் வரச்சொல்லி, மிரட்டிப் பணம் பிடுங்குகிற கும்பல் பற்றிப் பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறதே. ஆக, ஒருவரோடு ஒருவர் இருந்ததற்கு எந்தத் தடயமும் இல்லாமல் பார்த்துக்கொள்வதில் எங்களுக்கு நல்ல பயிற்சி. நோயோ தடயத்தைக் கொண்டுவா என்கிறது. குழுவின் பேட்டியை வீடியோ வேறு எடுப்பார்கள். அதன் முன் உட்கார்ந்து, இவன் எனக்கு யார் என்று நான் சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொன்னதே தெரியாத்தனமாகத்தான். அரசாங்கக் கேமராவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது பயத்தைவிட ஒரு ஆர்வம்தான் அதிகமாக இருந்தது எனக்கு.

அன்றிலிருந்து போட்டோக்களை அழிப்பதை நிறுத்தினோம். தமுக்கம் பொருட்காட்சியில் ஒன்று. தெப்பக்குளத்தில் ஒன்று, தேதி தெரிகிற மாதிரி. எதிர்சேவைக் கூட்டத்தில் அம்மா நடுவில் நிற்க ஒன்று. எல்லாவற்றிலும் அவன் கண்ணை மூடியிருப்பான், ஏதோ கஷ்டப்பட்டு நிற்க வைத்தது போல. கிட்னி வாங்கப் போகிற படம் இதுதானா என்று அக்கா கேலி செய்தாள். வங்கியில் இரண்டு பேர் பெயரிலும் ஒரு கணக்கு தொடங்கினோம். 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், எங்களைப் போன்றவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று அறிவித்திருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் "உறவு?" என்றார், இவன் "ஃப்ரெண்டு" என்று பழக்கத்தில் சொன்னான், அவரும் எழுதிக்கொண்டார். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தாங்களாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று ஒரு வழக்கில் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன். குழு அதைப் பார்க்குமோ என்னவோ, ஃபைல் தடியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் புத்தி.

இவ்வளவும் செய்த பிறகு இரத்த வகையைப் பார்த்தோம். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது, சரி. நான் ஓ, அவன் பி. ஓ வகைக்காரனுக்கு ஓ மட்டும்தான் சேரும். வகை சேராமல் மாற்றும் சிகிச்சையும் இருக்கிறது, செலவு எங்களுக்கு எட்டாது. இரண்டு ஜோடிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிற ஸ்வாப் முறையைச் சட்டம் நெருங்கிய உறவினர்களை வைத்துத்தான் சொல்கிறது, அதிலும் அவன் இல்லை. அன்றைக்கு அவன் எதுவும் பேசாமல் பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "விடு மாப்ள, அந்த ஒரு கிட்னியாவது உனக்கு மிச்சம்" என்றேன். திட்டினான்.

இப்போது நான் ட்ரான்ஸ்டான் என்ற தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தமிழ்நாட்டில் முறைப்படி பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு 2008-இல் ஆரம்பித்தது. திருக்கழுக்குன்றம் மாணவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை டாக்டர்களான பெற்றோரே கொடுத்தது அந்த வருடம்தான். அதன் பிறகுதான் இந்த எண்ணம் ஊர் ஊராகப் பரவியது. உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஓ வகைக்காரர்கள்தான் வழக்கமாக அதிகம் காத்திருக்க வேண்டியவர்கள். காத்திருக்கிறவன் காதலிக்கக்கூடாது என்று அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

ஒரு சிறுநீரகம் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள், உடனே கிளம்ப வேண்டும். அதற்காக மூன்று போன் நம்பர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் நம்பர் என்னுடையது. இரண்டாவது அக்காவுடையது என்று எழுதப் போனேன். அம்மா தடுத்தாள். "அவ திருமங்கலத்துலேருந்து பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள விடிஞ்சிரும். அந்தத் தம்பி நம்பரப் போடு, வண்டி வச்சிருக்கான்ல."